'எல்' போர்டுக்கு இடம் எங்கே?

கார் வாங்கக் கடன் கொடுக்க பாங்கி இருக்கிறது. லைசென்சு கொடுக்க அரசாங்கம் இருக்கிறது. அந்த லைசென்சை வாங்கித் தரத் தெருவுக்குத் தெரு டிரைவிங் பள்ளிக்கூடம் இருக்கிறது.

ஆனால் கார் ஓட்டிப் பழக இடம்?

அதுதான் சென்னைப் பட்டணத்தில் இல்லை!

காலை 6 மணி. கே.கே.நகர் ஆகட்டும், அண்ணா நகர் ஆகட்டும், பெரம்பூர் ஆகட்டும். கொஞ்சம் அகலமான தெரு என்றால் அங்கே ஒரு 'எல்' போர்டு கார் கட்டாயம் ஊர்ந்து கொண்டிருக்கும். முன்னால் பால் பாக்கெட் போடுகிறவரின் சைக்கிள். இடது பக்கம், வாசலில் குனிந்து கோலம் போடும் பெண். எதிரே வாக்கிங் போகும் பெரியவர். அவருக்குக் காது மந்தம்.

இந்த மூன்று பேருக்கு நடுவேதான் அந்தப் புதியவர், கிளச்சு எது பிரேக் எது என்று காலால் தடவிப் பார்த்துக் கற்றுக் கொள்கிறார்!

மணி 9 ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம். மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி 'ஆஃப்' ஆகிவிடுகிறது. பின்னால் மாநகரப் பஸ். அதற்குப் பின்னால் இருபது ஹாரன். ஒதுங்கிப் போகிற ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறார். (அது மரியாதையான வார்த்தை. மற்றவை அச்சில் ஏறாது.) கை நடுங்குகிறது. அரை கிளச்சில் நிற்க வேண்டிய கார் பின்பக்கமாக உருளுகிறது.

தப்பு யார் மேல்? மேடு ஏறிப் பழக அவருக்கு ஒரு மேட்டை யாரும் காட்டவில்லையே! 1973-ல் திறந்த ஜெமினி மேம்பாலம் முதல் நேற்றுக் கட்டிய பாலம் வரை எல்லாப் பாலத்திலும் பஸ்சும் லாரியும்தான் ஓடுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழகுகிறவருக்கு என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். காரின் முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். பலகை 18 சென்டி மீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 சென்டி மீட்டர் உயரம். எழுத்தின் தடிப்பு 2 சென்டி மீட்டர். அடிப்பக்கம் 9 சென்டி மீட்டர் அகலம். 'எல்' எழுத்துக்கு இத்தனை அளவு சொன்னவர்கள், அந்த எழுத்தை மாட்டிக் கொண்டு எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை!

பழகுகிறவர் பக்கத்தில் லைசென்சு உள்ள ஒருவர் இருக்க வேண்டும். சும்மா இருந்தால் போதாது. காரைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். டிரைவிங் பள்ளிக் காரில் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். விதியே அப்படித்தான். சொந்தக் காரில் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன இருக்கிறது? கை பிரேக் ஒன்றுதான். இப்போது வரும் சில கார்களில் அதுவும் போய், ஒரு பொத்தானாக ஆகிவிட்டது.

பலர் நினைப்பது: "ஆள் இல்லாத ரோடு தானே சார், லைசென்சு எதுக்கு?" இது தப்பு. 1988-ம் வருட மோட்டார் வாகன சட்டப்படி, பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த இடமும் பொது இடம்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஒரு காக்கா கூட இல்லாமல் கிடந்தாலும் ரோடு ரோடுதான். பழகுநர் லைசென்சு இல்லாமல் அங்கே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, லைசென்சு இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5 ஆயிரம் ரூபாய். அப்படிப்பட்டவர் கையில் காரைக் கொடுத்த சொந்தக்காரருக்கும் 5 ஆயிரம்.

இன்சூரன்சு விஷயமும் உண்டு. பழகுகிறவர் ஓட்டும்போது இந்த விதிகளின்படி நடந்திருக்க வேண்டும் என்று பாலிசியிலேயே போட்டிருக்கிறது. பக்கத்தில் லைசென்சுக்காரர் இல்லாமல் எங்காவது மோதி வைத்தால் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும்.

மாஸ்டர் காலில் கார்!

"அதான் டிரைவிங் ஸ்கூல் இருக்கே" என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது. கார் பழகுகிறவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 10 மணி நேரம் கையில் ஸ்டியரிங் என்பது விதி. விதிப்படி நடத்துகிற பள்ளிகள் உண்டு. ஆனால் ஒரே காரில் மூன்று பேர், நான்கு பேரை ஏற்றிக் கொண்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று மாற்றி மாற்றி உட்கார வைக்கிற பள்ளிகளும் உண்டு. மாஸ்டர் காலில் கிளச்சு, மாஸ்டர் காலில் பிரேக். இடது கையால் ஸ்டியரிங்கையும் அவரே திருப்புவார். மாணவருக்கு மிஞ்சுவது ஹாரன்தான்!

மாஸ்டரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவரும் பஸ் போகிற ரோட்டில்தான் கற்றுக் கொடுத்தாக வேண்டும். பிரேக்கை மாணவர் காலில் முழுசாக விட்டுவிட்டு, நடக்கிறது நடக்கட்டும் என்று இருக்க அவரால் முடியுமா?

பழகுநர் லைசென்சு எடுத்து 30 நாள் கழிந்தால் டெஸ்டுக்குப் போகலாம். எப்படியோ எட்டு போட்டு, ரிவர்ஸ் எடுத்துக் காட்டி, லைசென்சும் வந்துவிடுகிறது. அப்புறம் அது பீரோவில் புடவைக்கு அடியில் போய்த் தூங்குகிறது. பட்டணத்தில் இப்படித் தூங்கும் லைசென்சு எத்தனையோ!

பெண்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவார்கள். பக்கத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்து கொண்டு, "ஏய், பிரேக்கு, பிரேக்கு!" என்று கத்துவார். "நீங்க கத்தறதுனாலதான் ஆஃப் ஆவுது" என்பார் அம்மா. இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான். மூன்றாவது வாரம் கார் சாவி வீட்டுக்காரர் சட்டைப் பைக்குள் போய்விடும். ராத்திரி 2 மணிக்கு அதே வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தால் வாசலில் கார் நிற்கும், பீரோவில் லைசென்சு இருக்கும். ஆனாலும் ஆம்புலன்சுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

பிழைப்புக்காக ஓட்டுகிறவர் நிலைமை இன்னும் மோசம். 7,500 கிலோ வரையிலான இலகு ரக வாடகை வண்டிகளை ஓட்ட, சாதாரண கார் லைசென்சே போதும், தனி அனுமதி வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் சொன்னது. அரசியல் சாசன பெஞ்சும் 2024 நவம்பரில் அதையே உறுதி செய்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இது நல்ல தீர்ப்பு. ஆனால் பத்து நிமிடம், பத்து நிமிடமாக ஸ்டியரிங் பிடித்த பையன் நாளைக்கே மினி வேனில் சரக்கு ஏற்றிக் கொண்டு கொத்தவால் சாவடிப் பக்கம் வரலாம். அவன் பழகியது எங்கே என்று கேட்க யாரும் இல்லை.

விநாடிக்கு 11 மீட்டர்

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 11 மீட்டர் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு பஸ்சின் நீளம்! 20 கிலோ மீட்டர் வேகம் என்றாலும் ஐந்தரை மீட்டர். பந்தை எடுக்க ஒரு குழந்தை குறுக்கே ஓடி வருகிறது. பழகிய டிரைவரின் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். புதியவர் கால் யோசிக்கும். சில சமயம் தப்பாக ஆக்சிலேட்டரையே மிதித்துவிடும்.

2022-ல் நாடு முழுவதும் ரோடு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசாங்கம் வெளியிட்ட கணக்கு இது. இவர்களில் 32,825 பேர் காரிலும் இல்லை, பைக்கிலும் இல்லை. ரோட்டில் நடந்து போனவர்கள்! அந்த வருடம் விபத்துக்களின் எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. 64,105 விபத்துக்கள்.

இத்தனைக்கும் 'எல்' போர்டுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சரியாகப் பழகாமல் ரோட்டுக்கு வருகிறவர்கள் 'எல்' போர்டைக் கழற்றிய பிறகும் சரியாகப் பழகாதவர்கள்தானே?

ஜனங்கள் கண்டுபிடித்த இடங்கள்

சர்க்கார் காட்டாவிட்டால் என்ன? ஜனங்களே தேடிக் கொண்டார்கள்.

இருப்பதில் நல்லது, புறநகரில் ரோடு போட்டுக் கல் நட்டு வீடு கட்டாமல் கிடக்கிற மனைப் பிரிவுகள். நேர் ரோடு, குறுக்கு ரோடு, வளைவு எல்லாம் இருக்கும். முதல் கியரில் காலை ஆக்சிலேட்டரில் வைக்காமல், கிளச்சை மட்டும் மெள்ள விட்டுக் காரை நகர்த்திப் பழக அதைவிடத் தோதான இடம் கிடையாது. நான்கு காலி பெயிண்ட் டின்னை நட்டு வைத்து அதற்குள் ரிவர்சில் விட்டுப் பழகலாம். டின் நசுங்கினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் முதலில் ஒரு சுற்று நடந்து பார்ப்பது நல்லது. மூடி இல்லாத பள்ளம் இருக்கும். மாடு படுத்திருக்கும். ரோட்டை இன்னும் பஞ்சாயத்திடம் ஒப்படைக்காத மனைப் பிரிவு என்றால் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது மரியாதை.

அடுத்தது கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பல கம்பெனிகள் பூட்டியிருக்கும். ரோடும் அகலம். ஆனால் ஷிப்ட் உள்ள கம்பெனியும் இருக்கிறது, லாரியும் வரும். முதல் நாளே அங்கே போகக் கூடாது. வண்டி ஒருவாறு கைக்குள் வந்த பிறகு போகலாம்.

கோடையில் வற்றிய ஏரிக்குள் இறங்கிப் பழகுகிறவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். மண் அள்ளிய குழியில் சக்கரம் இறங்கினால் காரைத் தூக்க டிராக்டர்தான் வர வேண்டும்!

மெரினாவின் மணலோர ரோடும், பெசன்ட் நகர் கடற்கரை ரோடும் வேண்டவே வேண்டாம். காற்று வாங்க வருகிறவர்கள், ஓடுகிறவர்கள், கைத்தடி ஊன்றி நடக்கிறவர்கள் என்று காலை 5 மணிக்கே அங்கே கூட்டம். அது நடக்கிறவர்களின் இடம். பள்ளிக்கூடம், கோவில், ஆஸ்பத்திரி உள்ள தெருக்களும் அப்படித்தான். அங்கே போய் 'எல்' போர்டு மாட்டுகிறவரைப் பார்த்து நாலு பேர் கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயம்தான்.

பையனுக்கு வயது 15

மனைப் பிரிவுகளில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற இன்னொரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஸ்டியரிங்கில் பத்தாவது படிக்கிற பையன்! "எட்டாவது படிக்கும்போதே ஓட்டிட்டான்" என்று பெருமை வேறு.

கார் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். பழகவும் 18 வயது ஆக வேண்டும். 2019-ல் புதிதாகச் சேர்த்த 199-ஏ பிரிவில், சிறுவன் குற்றம் செய்தால் அப்பாவோ கார் சொந்தக்காரரோ 3 வருடம் வரை ஜெயிலுக்குப் போகலாம். அபராதம் 25 ஆயிரம் ரூபாய். காரின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது. பெருமைப்பட்ட அப்பா இதைப் படித்துவிட்டுச் சாவியைப் பத்திரப்படுத்தட்டும்.

வெளிநாட்டில் எப்படி?

ஜப்பானில் டிரைவிங் பள்ளி என்றால் சுற்றுச்சுவர். உள்ளே ரோடு, சிக்னல், வளைவு, மேடு எல்லாம் பொம்மை ஊர் மாதிரி கட்டியிருப்பார்கள். முதலில் அங்கே ஓட்டிப் பாஸ் செய்ய வேண்டும். அப்புறம்தான் தற்காலிக லைசென்சு. அதன் பிறகுதான் வெளி ரோட்டில் பயிற்சி. சிங்கப்பூரிலும் டிரைவிங் சென்டர்களுக்கு உள்ளேயே பயிற்சி ரோடு உண்டு. முதலில் உள்ளே, பிறகு வெளியே.

இங்கே? நேராக வெளியே!

மத்திய அரசாங்கமும் இதைப் புரிந்து கொண்டுதான் 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்குப் புது விதி கொண்டு வந்தது. சொந்தமாகப் பயிற்சிப் பாதை வைத்திருக்க வேண்டும். கார் பயிற்சி 29 மணி நேரம், அதில் 21 மணி நேரம் ஓட்டும் பயிற்சி. அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் தனி டெஸ்டு வேண்டாம். திட்டம் அருமை. ஆனால் காரும் பைக்கும் மட்டும் பழக்குகிற மையத்துக்கே குறைந்தது ஒரு ஏக்கர் நிலம் காட்ட வேண்டும். ஒரு ஏக்கர் என்றால் 18 கிரவுண்டு. வடபழனியில் 18 கிரவுண்டு வைத்திருப்பவர் அடுக்குமாடி கட்டுவாரா, 'எல்' போர்டு விடுவாரா?

ஆகவே தனியாரை நம்பி இருந்தால் பட்டணத்துக்குள் இடம் வராது. சர்க்கார் நிலத்தில்தான் வர வேண்டும்.

ரேசுக்கு இடம் இருந்தது!

சென்னைக்குக் காரும் வேகமும் புதிது அல்ல. இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் சோழவரத்தில் சும்மா கிடந்தது. 1950-களில் தொடங்கி பல வருடம் அங்கே கார் ரேசும் பைக் ரேசும் அமர்க்களப்பட்டன. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் பாதையே வந்துவிட்டது.

2024-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோ மீட்டருக்குப் பாதை அமைத்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பார்முலா-4 ரேஸ் நடந்தது. பட்டணத்தின் நடு மத்தியில் ரோட்டை மூடினார்கள், தடுப்பு வைத்தார்கள், போலீசார் போக்குவரத்தைத் திருப்பி விட்டார்கள். நடத்திக் காட்டினார்கள்!

பெசன்ட் நகரில் 2014-ல் ஞாயிறு காலை காரைத் தடுத்து, ரோட்டைக் குழந்தைகள் விளையாட விட்டதும் இதே ஊர்தான்.

பறக்கத் தெரிந்தவருக்கு ரோட்டை மூட முடிந்தது. ஊரத் தெரியாதவருக்கு ஒரு மைதானத்தின் கதவைத் திறக்க முடியாதா?

செய்ய வேண்டியது

குழந்தைகள் பந்து விளையாடுகிற மைதானத்தைக் கேட்கக் கூடாது. அது பாவம். இருக்கிற மைதானமே அவர்களுக்குப் போதவில்லை. கேட்க வேண்டியது வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலி கிடக்கிற சர்க்கார் ஆபீசு வளாகங்கள், பொருட்காட்சி இல்லாத நாட்களில் பொருட்காட்சித் திடல், சொந்த மைதானம் உள்ள ஆர்.டி.ஓ. ஆபீசுகள். இவற்றில் காலை ஐந்தரை முதல் 8 மணி வரை போதும். சுண்ணாம்புக் கோடு போட்டு நான்கு பாதை. ஒரு ஓரத்தில் மண் கொட்டிச் சின்னதாக ஒரு மேடு. அரை கிளச்சு பழக அந்த மேடு அவசியம். கார் நிறுத்திப் பழக இரண்டு கட்டம். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரைச் சம்பளம் கொடுத்து நிற்க வைக்கலாம். அவர்களைவிட நல்ல மாஸ்டர் யார்? வாசலில் ஒரு போலீஸ்காரர் பழகுநர் லைசென்சையும், பக்கத்தில் இருப்பவர் லைசென்சையும் பார்த்து உள்ளே விட வேண்டும். 15 வயதுப் பையன் அங்கேயே திரும்பிவிடுவான். பெண்களுக்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கினால் பீரோவில் தூங்குகிற லைசென்சுகள் எழுந்து வரும்.

இலவசமாக வேண்டாம். மணிக்கு நூறு ரூபாய் வாங்கட்டும். ஜனங்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். ஒரு முறை பம்பர் அடிபட்டால் ஒர்க்‌ஷாப்பில் எவ்வளவு கேட்கிறார்கள் என்று கார் வைத்திருப்பவருக்குத் தெரியும்.

டிரைவிங் பள்ளிக்காரர்கள் பிழைப்பு போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. அவர்களும் தங்கள் காரை அங்கேயே கொண்டு வரலாம். முதல் ஐந்து நாள் உள்ளே பழக்கிவிட்டு ஆறாம் நாள் ரோட்டுக்குக் கூட்டிப் போனால் மாஸ்டருக்கும் ரத்தக் கொதிப்பு குறையும்.

"மைதானத்துல ஓட்டினா ரோட்டு பயம் போயிடுமா?" என்று கேட்கலாம். போகாது. ரோட்டை ரோட்டில்தான் கற்க வேண்டும். ஆனால் கையும் காலும் பேச்சுக் கேட்ட பிறகு ரோட்டுக்கு வருகிறவர், கண்ணை ரோட்டில் வைப்பார். இப்போது வருகிறவர் கியரைக் குனிந்து பார்த்துக் கொண்டு வருகிறார்!

முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசு மைதானங்களைத் திறக்கட்டும். அதற்கு நிலம் தேட வேண்டாம், டெண்டர் விட வேண்டாம். டெஸ்டு வைக்கிற பாதை ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது. போக்குவரத்து கமிஷனர் ஒரு உத்தரவு போட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே வாட்ச்மேன் கேட்டைத் திறந்து விடுவார்.